இலைக் காசை மறந்த ரிட்டர்ன்

வாசகர் கேள்வி: ஆடிட்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 67. அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீலகிரியில் மஞ்சூருக்குப் பக்கத்தில் ஊர். பென்ஷன் மாதம் 40,000 ரூபாய். இரண்டு வங்கிகளில் எஃப்.டி போட்டிருக்கிறேன். 2025-26 நிதியாண்டில் ஒன்றில் 1,30,000 வட்டி, இன்னொன்றில் 40,000. முதல் வங்கி வட்டியிலேயே 13,000 ரூபாய் வரி (டி.டி.எஸ்) பிடித்துவிட்டது. ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு, இலையைக் கூட்டுறவு ஃபேக்டரிக்குப் போடுகிறேன். நாலு வருடமாக ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்து வருமான வரி ரிட்டர்ன் போட்டு வருகிறேன். போன வருட ரீஃபண்ட் இன்னும் வரவில்லை. கேட்டால் "சர்வர் பிரச்சினை சார்" என்கிறார். கணக்கில் இருக்கும் மொபைல் எண், ஈமெயில் எல்லாம் அவருடையதுதான். கோவையில் படிக்கும் பேத்தி, "நீங்களே போடலாம் தாத்தா, காசே கிடையாது" என்கிறாள். தவறான பட்டனைத் தட்டி நோட்டீஸ் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நானே போடலாமா? போன வருடம் அவர் கொடுத்த தாளின் நகலை இணைத்துள்ளேன்.

பதில்:

ஐயா, வணக்கம். முதலில் ஒரு திருத்தம். நான் ஆடிட்டர் இல்லை, வரி ஆலோசகர். மலையில் வரிக் கணக்கு பார்க்கிற எல்லோருக்கும் ஆடிட்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது. நானும் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

நீங்களே போடலாம். பேத்தி சொல்வது சரி, வருமான வரித்துறையின் தளத்தில் ரிட்டர்ன் போட ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது. ஆனால் உங்கள் கடிதத்தையும் இணைத்திருந்த தாளையும் சேர்த்துப் படித்தபோது, நீங்கள் கேட்காத ஒன்றுதான் என் கண்ணில் முதலில் பட்டது. போன வருடம் உங்களுக்குப் போட்டிருப்பது ஐ.டி.ஆர்-1 படிவம். சம்பளம், பென்ஷன், வட்டி என்று எளிமையான வருமானம் உள்ளவர்களுக்கான படிவம் அது. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அதில் போடக் கூடாது. ஒன்றரை ஏக்கர் தேயிலை வருடத்துக்கு 5,000 ரூபாயாவது தராமலா இருக்கும்? உங்களுக்கு உரியது ஐ.டி.ஆர்-2.

சென்டர்காரர் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். தளத்தில் உங்கள் பான் எண்ணைப் போட்டதும் பென்ஷன், வங்கி வட்டி, டி.டி.எஸ் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கருவூலமும் வங்கியும் உங்களைப் பற்றித் துறைக்குச் சொன்ன தகவல் அது. இலைக் காசைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. படிவம் நிரம்பியிருந்தது, அனுப்பிவிட்டார். நானே போடலாமா என்று கேட்கிறீர்களே, உங்கள் விஷயத்தில் நீங்கள் போடுவதுதான் நல்லது என்று நான் சொல்லக் காரணம் இதுதான். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பது தோட்டத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான் தெரியும்.

இலைக் காசைக் காட்டினால் வரி ஏறிவிடுமே என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பென்ஷன் 4,80,000. புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக 4,05,000. வட்டி 1,70,000. மொத்தம் 5,75,000. தேயிலைக்கு ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஃபேக்டரி தந்தது 1,55,000, பறிப்புக் கூலி, உரம், மருந்து, கவாத்துச் செலவு 65,000, மிச்சம் 90,000. பச்சை இலையாகவே விற்கிற வரைக்கும் அது முழுக்க விவசாய வருமானம், மத்திய வருமான வரி கிடையாது. ஆனால் மற்ற வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியிருப்பதால், வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் அந்த 90,000-ஐ எடுத்துக்கொள்வார்கள். அதாவது 6,65,000-க்கு உள்ள வரியிலிருந்து, 4 லட்சத்தோடு 90,000-ஐக் கூட்டிய தொகைக்கு உள்ள வரியைக் கழிப்பார்கள். 13,250-இல் 4,500 போக 8,750. இந்த 8,750-ம் உங்கள் கையை விட்டுப் போகாது. புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 87ஏ பிரிவில் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. ஆக வரி பூஜ்யம். வங்கி பிடித்த 13,000 முழுதாகத் திரும்பி வர வேண்டும். இலைக் காசை மறைத்தாலும் அதே பூஜ்யம்தான். பைசா லாபமில்லாத ஒன்றுக்காகத் தப்பான படிவம் போட்டிருக்கிறீர்கள்.

பச்சை இலை என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது கோத்தகிரி, குன்னூர் பக்கம் சில சிறு விவசாயிகள் வீட்டிலேயே கையால் உருட்டித் தேயிலைத்தூளும் கிரீன் டீயும் செய்து விற்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சொந்த இலையைத் தூளாக்கி விற்ற நிமிடத்தில் கணக்கு மாறிவிடும். 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம் என்று பிரித்து அந்த 40-க்கு வரி பார்க்க வேண்டும். படிவமும் வேறு. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பழைய வருடங்களை என்ன செய்வது? போன வருட ரிட்டர்னைத் திருத்தும் கெடு முடிந்துவிட்டது. வருமானம் இதே அளவில்தான் இருந்திருக்கும் என்றால் வரியில் வித்தியாசம் வராது. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வருடத்திலிருந்து சரியாகப் போடுங்கள். ஃபேக்டரி தரும் மாதாந்திர இலை பில்லையும், கூலி கொடுத்த நோட்டையும் மட்டும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் வையுங்கள்.

இனி, சாவியைக் கைக்குக் கொண்டுவரும் வேலை. இன்றைக்கு உங்கள் வரிக் கணக்கின் சாவி இன்னொருவர் சட்டைப் பையில் இருக்கிறது. துறை அனுப்பும் எல்லாத் தகவலும் அவர் ஈமெயிலுக்குப் போகிறது. ரீஃபண்ட் ஏன் நின்றது என்ற தகவலும் அங்கேதான் கிடக்கும். ஒரு நாளைக்கு அவர் நூறு பேருக்குப் பார்க்கிறவர், உங்கள் மெயிலைத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

நல்ல வேளையாக, அவரிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் தளத்தில் உங்கள் பான் எண்தான் பயனர் பெயர். கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஆதாரில் பதிந்த மொபைலுக்கு ஓ.டி.பி அனுப்பும் வழி இருக்கிறது. அதன் வழியாகப் புதுக் கடவுச்சொல் வைத்து உள்ளே போய், புரொஃபைலில் மொபைலையும் ஈமெயிலையும் உங்களுடையதாக மாற்றிவிடுங்கள். ஆதாரில் உங்கள் எண் பதிந்திருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய எண் இருந்தால் ஆதார் மையத்துக்கு ஒரு நடை போய்த்தான் ஆக வேண்டும். இந்த ஒரு வேலை முடியாமல் வேறு எதுவும் நகராது.

ஓ.டி.பி என்றதும் உங்கள் ஊர்ப் பக்கத்து டவர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கிண்ணக்கொரை பக்கமிருந்து வரும் ஒருவருக்கு வீட்டுக்குள் சிக்னலே கிடையாது. போன வருடம் மகன் உள்ளே லேப்டாப்பில் உட்கார்ந்திருக்க, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டு வளைவில் நின்று ஆறு இலக்கத்தையும் சத்தமாகக் கத்தியிருக்கிறார். மழைச் சத்தத்தில் மகன் காதில் ஒன்பது ஏழாக விழுந்தது. மூன்று முறை தப்பாகி, மறுபடி முதலிலிருந்து. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் அன்றைக்கு இரண்டு மணி நேரம் போயிருக்கிறது. ஓ.டி.பி-க்குப் பதினைந்து நிமிடம் ஆயுள் உண்டு, அவசரப்பட வேண்டாம். லேப்டாப்பையே சிக்னல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். போடுகிற வேலையைப் பாதியில் சேமித்து வைக்கலாம், கரண்ட் போனால் மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம்.

ரீஃபண்ட் விஷயம். நீங்கள் அனுப்பிய தாளின் கீழ்ப்பக்கத்தில், ஆதார் ஓ.டி.பி மூலம் சரிபார்க்கப்பட்டது என்ற வரி இருக்கிறது. அது இல்லாமல் இருந்திருந்தால் ரிட்டர்ன் போட்டதே செல்லாது, பெரிய சிக்கலாகியிருக்கும். ஆகவே சர்வரும் இல்லை, துறையும் இல்லை, பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். பான் எண்ணோடு இணைந்து, தளத்தில் சரிபார்க்கப்பட்ட கணக்குக்கு மட்டுமே ரீஃபண்ட் போகும்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு. இனிஷியல்! பான் கார்டு விண்ணப்பத்தில் வெறும் எழுத்தை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அதனால் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். வங்கிப் பாஸ்புக்கில் அதே ஆள் ஒற்றை எழுத்து இனிஷியலோடு இருப்பார். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். ஒரே மனிதர், மூன்று பெயர். நமக்குப் பார்த்ததும் புரியும், கணினிக்குப் புரியாது. இன்னொன்று, வங்கிகள் இணைந்தபோது கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி குறியீடு மாறியது. சென்டர்காரர் பழைய ரிட்டர்னைப் பார்த்து பழைய குறியீட்டையே அடித்திருக்கலாம்.

புரொஃபைலில் வங்கிக் கணக்கு பகுதியைத் திறந்தால், உங்கள் கணக்குக்கு எதிரே சரிபார்ப்பு முடிந்ததா, தோற்றதா, தோற்றால் ஏன் என்று எழுதியிருக்கும். பெயர்ப் பொருத்தம் இல்லை என்றால் பான் நகலோடு கிளைக்குப் போய் வங்கிப் பதிவில் பெயரைப் பான் கார்டில் உள்ளபடி மாற்றித் தரச் சொல்லுங்கள். மாறியதும் மறுபடி சரிபார்த்து, ரீஃபண்ட் இதற்குத்தான் வர வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, சர்வீசஸ் பகுதியில் ரீஃபண்ட் ரீ-இஷ்யூ கோரிக்கையைப் போடுங்கள். புது ரிட்டர்ன் எதுவும் தேவையில்லை. ரீஃபண்டோடு வட்டி சேர்ந்து வந்தால், அந்த வட்டியும் வருமானம், அது வந்த வருட ரிட்டர்னில் காட்ட வேண்டும். இதை மறக்காதவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த வருட ரிட்டர்னுக்கு வருவோம். நிரப்ப ஆரம்பிப்பதற்கு முன் ஏ.ஐ.எஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். 2021 நவம்பரில் வந்தது. எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்ததாகச் சொன்னது, எவ்வளவு பிடித்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த பி.டி.எஃப்-ஐத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். உங்கள் பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த நாள், மாதம், வருடம். நீங்கள் டி.டி.எஸ் பிடிக்காத வங்கியின் 40,000-ஐ மறந்திருந்தாலும் அது அங்கே இருக்கும், கூடவே எஸ்.பி கணக்கின் சின்ன வட்டியும். பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். தப்பான தொகை இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதியலாம்.

ஆண்டு கேட்கும் இடத்தில் 2026-27 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சம்பாதித்தது 2025-26, கணக்கீட்டு ஆண்டு அதற்கு அடுத்தது. இந்தக் குழப்பம் இதோடு தீர்கிறது. ஏப்ரல் 1, 2026 முதல் புது வருமான வரிச் சட்டம் வந்து, கணக்கீட்டு ஆண்டு என்ற பேச்சே போய் வரி ஆண்டு என்று ஒன்றே ஒன்றுதான். ஆனால் நீங்கள் இப்போது போடும் ரிட்டர்ன் பழைய 1961 சட்டத்தின் கீழ்தான்.

ஐ.டி.ஆர்-2-ஐப் பார்த்ததும் மிரள வேண்டாம். நிறையப் பகுதிகள் தெரியும், உங்களுக்குத் தேவை நாலைந்துதான். பென்ஷன் பகுதியில் எந்த வகை என்று கேட்கும்போது மாநில அரசு ஊழியர் என்று இல்லாமல், மாநில அரசு ஓய்வூதியர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டிக்கு இதர வருமானப் பகுதி. இலைக் காசுக்கு விலக்கு பெற்ற வருமானப் பகுதி, அதில் மொத்த வரவு, செலவு என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால்தான் நிலத்தின் அளவு, மாவட்டம் எல்லாம் கேட்பார்கள். புதிய வரி முறைதான் தானாக இருக்கும், அப்படியே விடுங்கள். பழைய முறையில் மூத்த குடிமக்களுக்கு வட்டியில் 50,000 கழிவு உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பூஜ்யத்தை அதற்குக் கீழே இறக்க முடியாது.

வரியே இல்லையென்றால் ரிட்டர்ன் எதற்கு என்று கேட்க வேண்டாம். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியதால் போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் 13,000-ம் வராது.

பட்டன் பயத்துக்கு வருகிறேன். எதையும் தட்டலாம், கடைசி சப்மிட் வரை எதுவும் துறைக்குப் போகாது. போன பிறகும் டிசம்பர் 31 வரை திருத்தி மறுபடி போடலாம். செய்யவே கூடாத தப்பு ஒன்றுதான்: சப்மிட் ஆனதும் வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிடுவது. இ-வெரிஃபை செய்ய, அதாவது போட்டது நீங்கள்தான் என்று உறுதி செய்ய, 30 நாள்தான் கெடு. அதே உட்காரலில் ஆதார் ஓ.டி.பி-யில் முடித்துவிடுங்கள். எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் ரிட்டர்ன் போட்டதற்கான ஒரு பக்க ஒப்புகைத் தாளை அச்சிட்டு நீல மையில் கையெழுத்துப் போட்டு, பெங்களூருவில் உள்ள மையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம், அதுவும் அதே 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்.

பிறகு சில நாளிலோ வாரத்திலோ 143(1) என்று தலைப்பிட்ட ஒரு மெயில் வரும். அதைப் பார்த்து எத்தனையோ பேர் பதறிப்போய் என் ஆபீஸ் படியேறியிருக்கிறார்கள். அது நோட்டீஸ் இல்லை. நீங்கள் போட்ட கணக்கு ஒரு பத்தி, துறை போட்ட கணக்கு இன்னொரு பத்தி. இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. உண்மையான நோட்டீஸ் எதுவானாலும் அதில் டின் எனப்படும் ஆவண எண் இருக்கும், 2019 அக்டோபர் முதல் இது கட்டாயம். தளத்தின் முகப்பிலேயே அந்த எண்ணைப் போட்டு நிஜமா என்று பார்க்கலாம். ரீஃபண்ட் தயார், இந்த லிங்க்கைத் தட்டுங்கள் என்று வரும் மெசேஜ், வாட்ஸ்அப்பில் வரும் ஆப் எதையும் தொடாதீர்கள். ரீஃபண்ட் தர யாரும் உங்கள் ஏ.டி.எம் பின்னைக் கேட்க மாட்டார்கள்.

அடுத்த வருடம் 13,000-க்காக இவ்வளவு அலைய வேண்டாம். மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வட்டி வருடத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினால்தான் டி.டி.எஸ் பிடிப்பார்கள், 2025 ஏப்ரல் முதல் இந்த வரம்பு. உங்களுக்கு வரியே வராது என்பதால், பிடிக்க வேண்டாம் என்று உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம். 15எச் என்றே நாம் சொல்லிப் பழகியது. இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டதால் பழைய தாளை எடுத்துப்போகாமல், கிளையில் கேட்டு அவர்கள் தருவதை நிரப்புங்கள். இதை இப்போதே செய்யுங்கள், மார்ச்சில் போய் நின்றால் பாதி பணத்தைப் பிடித்திருப்பார்கள்.

கெடு ஜூலை 31. தாண்டினால் 5 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். வங்கிகள் ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்கு மே 31-க்குள் கணக்குக் கொடுத்து, ஜூன் 15-க்குள் சான்றிதழ் தர வேண்டும். அதற்கு முன் அவசரப்பட்டுப் போட்டால் ஏ.ஐ.எஸ் அரைகுறையாக இருக்கும். ஜூலை பாதிக்கு மேல் குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மரம் விழுந்தால் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும். ஜூன் கடைசி வாரத்திலேயே பேத்தியை வரச் சொல்லுங்கள். வரும்போது பான், ஆதார், இரண்டு பாஸ்புக், இலை பில் கவர் எல்லாம் மேஜையில் இருக்கட்டும். எங்காவது மாட்டிக்கொண்டால் 1800 103 0025, துறையின் இலவச உதவி எண். பிறகும் முடியவில்லை என்றால் குன்னூர் வரும்போது என் ஆபீசுக்கு வாருங்கள், லேப்டாப்பில் உங்கள் கையாலேயே போடவைத்து அனுப்புகிறேன்.